ஓவியத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் முதல் டார்வின் வரை

முதல் நாள்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

இந்தப் பதிவுகளில் மறைந்த பூர்வகுடிக் கலைஞர்களின் பெயர்கள் வருகின்றன. இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்காமல் இருப்பது பாலைநிலச் சமூகங்களின் வழக்கம். அதனால் ஆஸ்திரேலியாவில் இப்படி ஓர் அறிவிப்பை முன்னாலேயே வைப்பார்கள். அந்த மரியாதையை நாமும் கடைப்பிடிப்போம்.

ஊரின் நடுவே டாட் மால் கடைவீதி. பல கடைகளில் புள்ளி ஓவியங்கள் தொங்குகின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே சாயலில் தெரியும். விலை மட்டும் சில பத்து டாலரில் தொடங்கிப் பல ஆயிரம் டாலர் வரை போகும். வரைந்தவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை ஓவியத்தின் முன்பக்கம் சொல்லாது. கடைக்காரரிடம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் திருப்பிக் காட்டுகிற கடையில் மேற்கொண்டு பேசலாம்.

இதே வீதியில் இருக்கும் பப்புன்யா டூலா கலைக்கூடத்து ஓவியங்களின் பின்புறம் ஒரு குறியீடு எழுதியிருக்கும். முதலில் வரும் ஆங்கில எழுத்துகள் கலைஞருக்கானவை. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, அதற்கடுத்த இரண்டு மாதம், மிச்சம் வரிசை எண். 2303045 என்று இருந்தால் 2023 மார்ச்சில் பதிவானது. சான்றிதழிலும் ரசீதிலும் இதே எண் இருக்க வேண்டும். சான்றிதழ் பளபளப்பாக இருந்து எண் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

இந்த நிறுவனம் 1972இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, பப்புன்யா பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் ஊக்கப்படுத்த, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்புக் கதையை வரைந்தார்கள். அங்கிருந்துதான் பாலைநில ஓவிய இயக்கம் கிளம்பியது. நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் மேற்குப் பாலைநிலத்துப் பூர்வகுடி மக்களிடமே இருக்கின்றன. ஓவியர்கள் வேலை செய்யும் இடம் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், கின்டோரிலும் கிவிர்குராவிலும். பப்புன்யா ஊருக்கென்று சொந்தமாக ஒரு கலை மையம் (பப்புன்யா ஜுப்பி) 2007இல்தான் வந்தது.

கலைஞர்கள் கையிலேயே நிறுவனம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று. கின்டோரில் சிறுநீரகம் பழுதானவர்கள் டயாலிசிஸுக்காக ஊரையும் உறவையும் விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து கிடக்க வேண்டியிருந்தது. கின்டோர், கிவிர்குரா ஓவியர்கள் கூடிப் பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவை ஏலம் போயின. பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. இன்று ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்ற பெயரில் பல ஊர்களில் அந்தச் சேவை நடக்கிறது.

கடையில் கேட்க வேண்டியவற்றை ‘பூர்வகுடிக் கலை நெறிமுறை’ அமைப்பே சொல்லித்தருகிறது. வரைந்தவர் யார், எந்த ஊர்? உங்கள் கைக்கு இது எப்படி வந்தது? நகல் என்றால், தேநீர்க் கோப்பையோ கைப்பையோ, கலைஞருக்கு ராயல்டி எப்படிப் போகிறது? நீங்கள் நெறிமுறையில் கையெழுத்திட்டவரா? பெயரும் ஊரும் சொல்லாமல் “பூர்வகுடிப் பாணி” என்று மட்டும் பதில் வந்தால் கிளம்பிவிடலாம். இந்த நெறிமுறை 2010இல் நடைமுறைக்கு வந்தது. சேருவது அவரவர் விருப்பம்தான், கட்டாயமில்லை. அதுதான் அதன் பலவீனம்.

கலைஞர் ஓவியத்தோடு அமர்ந்திருக்கும் புகைப்படத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர் வரைந்தார் என்பதைத்தான் படம் காட்டும். என்ன கூலிக்கு வரைந்தார் என்று காட்டாது. வயதான ஓவியரை மோட்டல் அறையிலோ கொல்லைப்புறக் கொட்டகையிலோ உட்காரவைத்து, பழைய காரையோ கொஞ்சம் ரொக்கத்தையோ கொடுத்து ஓவியங்களை வாங்கிப்போகும் தரகர்களைப் பற்றி 2007இல் செனட் விசாரணைக் குழுவே விரிவாக எழுதியிருக்கிறது. அந்த அறிக்கையின் விளைவாகத்தான் நெறிமுறையே பிறந்தது.

இரண்டாம் நாள்: ஹெர்மன்ஸ்பர்க்

மேற்கே சுமார் 130 கிலோமீட்டர், தார்ச்சாலை. ஆல்பர்ட் நமாட்ஜிரா 1902இல் பிறந்த ஊர். வெள்ளை கம் (யூகலிப்டஸ்) மரங்களும் ஊதா மலைகளும் கொண்ட அவருடைய நீர்வண்ண ஓவியங்கள் ஆஸ்திரேலிய வீடுகளில் அச்சுப்படங்களாகத் தொங்கின. அவர் 1959இல் இறந்தார். படைப்புகளின் பதிப்புரிமையை 1983இல் வட பிரதேச அரசின் பொது அறங்காவலர், குடும்பத்தைக் கேட்காமலேயே, ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றார். அதன்பின் அச்சான எந்தப் படத்திலிருந்தும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காசு வரவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2017 அக்டோபரில், ஒரு டாலர் விலையில், உரிமை நமாட்ஜிரா மரபு அறக்கட்டளைக்குத் திரும்பியது. ஆஸ்திரேலியச் சட்டப்படி அது 2029 முடிவில் காலாவதியாகும். குடும்பத்துக்குக் கிடைப்பது வெறும் பன்னிரண்டு ஆண்டு. அந்த மரபில் இன்று நீர்வண்ணம் தீட்டுபவர்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள இல்ட்ஜா இன்ட்ஜார்ரா கலை மையத்தில் வேலை செய்கிறார்கள். ஹெர்மன்ஸ்பர்க்கில் பழைய மிஷன் கட்டடங்களைப் பார்த்துவிட்டு அங்கே போவது சரியான வரிசை.

மறுவிற்பனை உரிமையையும் இங்கேயே பேசிவிடலாம். ஜானி வரங்குலா ஜுப்புருலா 1972இல் வரைந்த ஒரு நீர்க்கதை ஓவியம் அன்று ஏறத்தாழ 150 டாலருக்குப் போனது. 1997இல் 2,06,000 டாலருக்கும் 2000இல் 4,86,500 டாலருக்கும் ஏலம் போனது. அந்த லாபத்தில் அவருக்குச் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. 2001இல் அவர் இறந்தார்.

2010 ஜூன் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 1,000 டாலரோ அதற்கு மேலோ மறுவிற்பனையாகும் ஒவ்வொரு ஓவியத்திலும் 5 சதவீதம் கலைஞருக்கு. இறந்து 70 ஆண்டு வரை வாரிசுகளுக்கு. 4,86,500க்கு இந்தக் கணக்கைப் போட்டால் 24,325 டாலர். ஆனால் சட்டத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்தவர் 2010க்குப் பிறகு முதன்முறை விற்கும்போது இந்த 5 சதவீதம் கிடையாது. கடையோ ஏல நிறுவனமோ இடையில் இல்லாமல் தனியாள் தனியாளுக்கு விற்றாலும் கிடையாது. இன்னொரு சிக்கல் வாரிசுச் சான்று. பல குடும்பங்களில் உயில் எழுதும் பழக்கமில்லை. உறவுமுறை வேறு விதமானது என்பதால், வசூலான பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதே இழுத்தடிக்கும். கலை மையங்கள் கலைஞர்களுக்கு உயில் எழுத உதவுவது இதனால்தான். வெளியில் தெரியாத இந்த வேலைக்கும் நன்கொடை தேவை.

மூன்றாம் நாள்: யுயென்டுமு

தனாமி சாலையில் வடமேற்கே 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெட்ரோலையும் தண்ணீரையும் ஆலிஸிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். 1976 நில உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பூர்வகுடி நிலம் இது. அனுமதிச்சீட்டு தேவையா என்று மத்திய நில மன்றத்திடம் கேட்டுவிட்டு, கலை மையத்துக்கும் முன்னதாக ஃபோன் செய்துவிட வேண்டும். துக்கம் நடந்தால் ஊரே அடங்கிவிடும், மையமும் மூடியிருக்கும். மது கொண்டுபோகக் கூடாது. ஆட்களையோ பாதி வரைந்த ஓவியத்தையோ கேட்காமல் படமெடுக்கக் கூடாது.

வார்லுகுர்லாங்கு கலை மையம் 1985இல் தொடங்கியது. உரிமை யுயென்டுமு, நிர்ரிப்பி ஊர்களின் வார்ல்பிரி மக்களுடையது. அதற்கு முன்பே, 1980களின் முதல் பாதியில், ஐந்து பெரியவர்கள் பள்ளியின் 30 கதவுகளில் தங்கள் கதைகளை வரைந்தார்கள். அந்தக் கதவுகள் இப்போது தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உள்ளே வேலை நடக்கும் விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். நியாய விலை என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கொட்டகையில்தான் தீர்மானமாகிறது.

காலையில் ஊழியர்கள் கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்து, அடிவண்ணம் பூசி உலரவைக்கிறார்கள். 30க்கு 30 சென்டிமீட்டரில் தொடங்கி இரண்டு மீட்டரை நெருங்கும் அளவு வரை. அக்ரிலிக் வண்ணத்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில் தண்ணீர் சேர்த்துக் கலக்குகிறார்கள். தண்ணீர் கூடினால் புள்ளி பரவி விளிம்பு கரையும். குறைந்தால் குமிழாக நின்று, சுருட்டும்போது வெடிக்கும். புள்ளி வைக்கக் குச்சியின் முனையே போதும்.

யார் எதை வரையலாம் என்பதை மேலாளர் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு ஜுகுர்பா (மூதாதையர் வழிவந்த படைப்புக்) கதைக்கும் நிலத்துக்கும் தந்தைவழி உரிமையாளர்களும் தாய்வழிக் காவலர்களும் உண்டு. பட்டா இல்லாத மனையில் வீடு கட்ட முடியாதது போல, உரிமையில்லாத கதையை அங்கே ஒருவர் வரைய முடியாது. நகரத்துக் கடை “நல்லா விற்கிறது, ஏழு சகோதரிகள் கதையிலேயே இன்னும் இருபது அனுப்புங்கள்” என்று கேட்டால் எல்லாரையும் அதில் உட்காரவைக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஓவியம் முடிந்ததும் அளந்து, படமெடுத்து, எண் போட்டு, கலைஞர் சொல்லும் கதையைப் பதிவு செய்கிறார்கள். மத்திய ஆஸ்திரேலியக் கலை மையங்களின் கூட்டமைப்பான டெசார்ட், இதற்கென்றே ‘சாம்’ என்ற மென்பொருளை நடத்துகிறது. கதை, ஓவியம், பணம் மூன்றும் ஒரே பதிவில் இருக்கும். எந்த ஓவியம் எந்த ஊர்க் கலைக்கூடத்தில் தொங்குகிறது, கலைஞர் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பது அதில் தெரியும். மேலாளர் மாறினாலும் கணக்கு நிற்கும். இந்தத் தனிமையில் மேலாளர்கள் அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை என்பதால் இது பெரிய பாதுகாப்பு.

பணம் கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. முடித்த அன்றே கொடுப்பது ஒன்று. கலைஞருக்கு நல்லது, ஆனால் மையத்தின் முதலீடு விற்காத சரக்கில் முடங்கும். கை இறுகும்போது மையம் தன்னையறியாமல் விலையைக் குறைத்துவிடும். விற்ற பிறகு கொடுப்பது மற்றொன்று. பங்கு கூடக் கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தரகர் ரொக்கத்தோடு வருகிறார். முன்பணம் கொடுத்துச் சமாளித்தால் அது கடனாகக் குவிந்து, கடனை அடைக்க வரைய வேண்டிய நிலை வரும். பல மையங்கள் சின்ன ஓவியத்துக்கு உடனடிப் பணம், பெரிய ஓவியத்துக்கு விற்ற பின் பணம் என்று கலந்து செய்கின்றன. எங்களுக்கு அதுவே சரியாகப் படுகிறது.

பங்கு எப்படிப் பிரியும்? பாதிப் பாதி வைக்கும் மையங்கள் உண்டு, கலைஞருக்கு 60 என்று வைக்கும் மையங்களும் உண்டு. உதாரணத்துக்கு 60-40 எடுத்துக்கொள்வோம். 1,000 டாலர் ஓவியத்தை நீங்கள் மையத்திலேயே வாங்கினால் கலைஞருக்கு 600, மையத்துக்கு 400. அதே ஓவியம் 40 சதவீதக் கமிஷன் வாங்கும் நகரக் கலைக்கூடம் வழியாக விற்றால் முதலில் 400 கழிந்துவிடும். மிச்சம் 600இல் கலைஞருக்கு 360, மையத்துக்கு 240. அந்த 240இல்தான் கேன்வாஸ், வண்ணம், லாரிக் கூலி, சம்பளம் எல்லாம். “மையம் நாற்பது சதவீதம் எடுக்கிறதே” என்று குறைப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பல மையங்களுக்கு மத்திய அரசின் மானியமும் வேண்டியிருக்கிறது. மையத்தில் மிஞ்சும் காசு ஊருக்கே திரும்புகிறது. யுயென்டுமுவில் நாய்களுக்கு மருத்துவம் பார்க்கும் திட்டத்தையும் இந்தக் கலை மையம்தான் நடத்துகிறது.

கவலைப்பட வேண்டியது இன்னொன்றும் உண்டு. பல மையங்களில் வருமானத்தின் பெரும்பகுதியை இரண்டு மூன்று மூத்த கலைஞர்களே கொண்டுவருகிறார்கள். உறவினர் அத்தனை பேரின் தேவையும் அந்த ஒருவரின் தோளில் விழுகிறது. அவர் காலமானால் மையத்தின் வரவும் சரியும். பெரிய பெயரைத் தேடிப் போகாமல், பெயர் தெரியாத இளையவரின் சின்ன ஓவியத்தை முழு விலைக்கு வாங்குவது அடுத்த தலைமுறைக்குப் போடும் முதலீடு. பேரம் பேச வேண்டாம்.

நான்காம் நாள்: மீண்டும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஜான்பி நெசவாளர்கள்

பாலைப்புல்லைக் கையால் சுருட்டி, ராஃபியா நாரும் கம்பளி நூலும் கொண்டு தைத்துக் கூடைகளும் விலங்குச் சிற்பங்களும் செய்கிறார்கள். மூன்று மாநில எல்லைகள் சந்திக்கும் பகுதியின் பெண்கள் மன்றம் 1995இல் தொடங்கிய முயற்சி இது. ஓவியத்துக்கு வேண்டிய கொட்டகையோ கேன்வாஸோ இதற்குத் தேவையில்லை. புல் அறுக்கப் போகும் வழியிலேயே நிலத்தைப் பார்த்துவரலாம், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே தைக்கலாம். செய்த பொருளை வாங்கும்போதே பெண்களுக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். பிளாக்ஸ்டோன் ஊர்ப் பெண்கள் புல்லிலேயே முழு அளவு டொயோட்டா வண்டி ஒன்றைப் பின்னி 2005இல் தேசியப் பூர்வகுடிக் கலை விருதை வென்றார்கள்.

வெளிநாடு கொண்டுபோகிறவர்கள் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். விதையோ பூச்சியோ இருந்தால் போய்ச்சேரும் நாட்டின் தாவரத் தடுப்பு அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். இறகு வைத்த கூடை என்றால் எந்தப் பறவையின் இறகு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுயிர் ஏற்றுமதி விதிகள் அதற்கும் பொருந்தலாம்.

ஐந்தாம் நாள்: உலுரு

தென்மேற்கே 450 கிலோமீட்டருக்கு மேல். உலுரு பண்பாட்டு மையத்துக்குள் இருக்கும் மருகு கலை நிறுவனம் 1980களிலிருந்து அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குச் சொந்தமாக, லாப நோக்கமின்றி இயங்குகிறது. மரச்செதுக்கு வேலைதான் சிறப்பு. ஆற்றோர ரெட் கம் மரத்தின் வேரிலும் முல்கா மரத்திலும் பாம்பு, பல்லி, கிண்ணம் செதுக்கி, விறகு நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கோலங்களைச் சுட்டுப் பதிக்கிறார்கள். சுட்ட கோடு மரத்தில் சற்றே பள்ளமாக இறங்கியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். அச்சிட்ட நகலில் பரப்பு வழவழவென்று இருக்கும்.

பாலையில் உலர்ந்த மரம் ஈரக்காற்றுக் கடற்கரை ஊருக்கோ ஏசி அறைக்கோ போனால் வெடிக்கலாம். கொண்டுபோனதும் சில வாரம் ஏசி காற்றும் நேர் வெயிலும் படாத இடத்தில் வைத்து, பிறகு லேசாக எண்ணெய் தடவுவது நல்லது. மரத்தூள் உதிர்ந்தால் உள்ளே துளைப்பூச்சி இருக்கிறது என்று பொருள்.

அனங்கு கலைஞர் உட்கார்ந்து குறிகளை விளக்கித் தரும் ஓவியப் பயிற்சியும் உண்டு. கட்டணம் கலைஞருக்கு வேலையாகிறது. அங்கே நீங்கள் வரைந்ததை வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், விற்காதீர்கள்.

ஆறாம் நாள்: டார்வின்

ஆகஸ்டில் இங்கே டார்வின் பூர்வகுடிக் கலைச் சந்தை. 2007இலிருந்து நடக்கிறது. நாடெங்கிலும் உள்ள எழுபதுக்கும் மேற்பட்ட கலை மையங்கள் மாநாட்டு அரங்கில் கடை போடுகின்றன. சந்தையை நடத்தும் அறக்கட்டளை விற்பனையில் கமிஷன் எடுப்பதில்லை. மூன்றாம் நாள் போட்ட கணக்கில் நகரக் கலைக்கூடத்துக்குக் கழிந்த அந்த 400 டாலர் இங்கே கழியாது. நல்ல ஓவியங்கள் முதல் சில மணி நேரத்தில் போய்விடும் என்பதால், எந்த மையங்களைப் பார்ப்பது என்று முன்னாலேயே குறித்துக்கொண்டு போங்கள்.

அக்ரிலிக் ஓவியத்தைச் சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். அகலமான குழாயின் மேல், இடையில் ஒட்டாத சிலிகோன் தாள் வைத்துச் சுருட்டச் சொல்லுங்கள். குமிழ் பிளாஸ்டிக் வண்ணத்தில் நேராகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொள்ளும். சட்டத்தில் இழுத்து அடிக்க நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது வெறும் துணி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊர் போனதும் பிரித்துவிடுங்கள், மாதக்கணக்கில் சுருட்டி வைக்காதீர்கள்.

நினைவுப்பொருள் கடைகளின் பூமராங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிருபி ஆர்ட் என்ற நிறுவனம் 2015 ஜூலைக்கும் 2017 நவம்பருக்கும் இடையில் 18,000க்கும் மேற்பட்ட பூமராங், டிட்ஜெரிடூ (நீண்ட மர ஊதுகுழல்) போன்றவற்றைப் பூர்வகுடியினர் செய்தவை என்று தோன்றும்படி விற்றது. அவை இந்தோனேசியாவில் செய்யப்பட்டவை. 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் அதற்குள் கலைப்புக்குப் போயிருந்தது. போலி செய்வதே குற்றம் என்று நுகர்வோர் சட்டம் சொல்வதில்லை. பொய் சொல்லி விற்பதுதான் குற்றம். அதனால் சீட்டில் எதுவும் எழுதாமல் விற்பவர் தப்பிக்கொள்கிறார். இவ்வகை நினைவுப்பொருள்களில் பாதிக்கு மேல் போலி என்று கணித்த ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம், போலிப் பொருளின் மேல் ‘போலி’ என்று எழுதுவதைக் கட்டாயமாக்கலாம் என்று 2022இல் பரிந்துரைத்தது. உண்மையானவற்றுக்கு முத்திரை குத்தும் சுமையைக் கலைஞர் மேல் ஏற்றாமல் போலி விற்பவர் மேல் ஏற்றும் அந்த யோசனையை நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம்.

விமான நிலையத்தில்: ஒரே வணிகத்திடம் 300 டாலருக்கோ அதற்கு மேலோ, கிளம்பும் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருந்தால், விலையில் சேர்ந்த ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். வரி ரசீதும் பொருளும் கையில் இருக்க வேண்டும், தனியாக அனுப்பிவிட்ட பொருளுக்குக் கிடைக்காது. பல கலைஞர்கள் ஜிஎஸ்டி பதிவே செய்யாதவர்கள் என்பதால் ரசீதில் வரியே இல்லாமலும் இருக்கலாம். சடங்குப் புனிதப் பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. பழைய, விலையுயர்ந்த படைப்புகளுக்கு ஏற்றுமதி அனுமதி வேண்டியிருக்கலாம்.

ஓவியத்தை வாங்கியவருக்கு அந்தத் துணிதான் சொந்தம். பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கிறது. பூர்வகுடி ஓவியங்களைக் கேட்காமல் வியட்நாமில் கம்பளமாக நெய்து இறக்கிய நிறுவனத்துக்கு எதிராக 1994இல் 1,88,000 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. கல்யாணப் பத்திரிகையிலோ அலுவலக நாட்காட்டியிலோ அச்சிட விரும்பினால், ரசீதில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டுக் கலை மையத்துக்கு எழுதுங்கள். கட்டணத்தையும், கலைஞரின் பெயரை எப்படிப் போடுவது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.